கிளை தொங்கும் சிற்றாற்றில் சப் மீனுக்கு எந்த லூர்?

கேள்வி: "அண்ணா, நான் கிழக்கு லண்டனில் இல்ஃபோர்டில் இருக்கிறேன். இந்த சீசனில் ரோடிங் ஆற்றின் மேல்பகுதியில், ஆபிரிட்ஜுக்கு மேலே, ஒரு கிளப்பில் சேர்ந்தேன். சப் (chub) என்னும் ஆற்று மீன் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் ஆறு இருபது அடி அகலம்கூட இல்லை. இரண்டு பக்கமும் வில்லோ மரக் கிளைகள் தண்ணீரைத் தொடுகின்றன, அடியில் விழுந்த மரங்கள். வாங்கிய லூர்களில் (செயற்கை இரைகளில்) பாதி அங்கேயே போய்விட்டது. இப்போதெல்லாம் பயந்துபோய் மரத்தை விட்டு இரண்டு கஜம் தள்ளியே வீசுகிறேன். ஒன்றிரண்டு மீன் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. என்னிடம் இருப்பவற்றின் பட்டியலை இணைத்திருக்கிறேன். இன்னும் எவற்றை வாங்கலாம்? 13 வயது மகனும் கூட வருகிறான். வீட்டில் இன்னொரு கேள்வி: இந்த மீன் குழம்புக்கு ஆகுமா?"

தம்பிக்கு,

பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் மூழ்கும் வகை. எல்லாவற்றிலும் மும்முனைக் கொக்கி, பலவற்றில் வயிற்றில் ஒன்று வாலில் ஒன்று என்று இரண்டு. ஆறு முனைகளோடு ஒரு பொருளை மரவேர் நிறைந்த தண்ணீரில் இறக்கினால் அது திரும்பி வராது. போன லூர்களின் காசைக்கூட விடுங்கள். பெரிய நஷ்டம் நீங்களே எழுதியிருக்கும் அந்த இரண்டு கஜம்தான். கோடைப் பகலில் சப் மீன் நிழலை விட்டு அவ்வளவு தூரம் வெளியே வருவது அபூர்வம். மரத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் லூர் விழ வேண்டும். அப்படி வீச உங்களுக்குத் துணிவு தரும் லூர் எதுவோ, அதுதான் அந்த ஆற்றுக்கு ஏற்ற லூர். நிறம், பிராண்டு எல்லாம் அப்புறம்.

சப் எதைத் தின்னும் என்று கேட்டால் பதில் சுலபம்: வாய்க்குள் போகும் எதையும். வண்டு, வெட்டுக்கிளி, நத்தை, குட்டி மீன், நண்டுபோல் கொடுக்குடைய கிரேஃபிஷ், கரையோர எல்டர்பெரிப் பழம், ரொட்டித்துண்டு என்று கணக்கே இல்லை. வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நசுக்கி விழுங்கும். அதனால் "இந்த ஆற்றில் இந்த மாதம் எந்தப் பூச்சி" என்று டிரௌட் பிடிக்கிறவர்கள் போலத் துல்லியம் பார்க்கத் தேவையில்லை. ஆனால் இவ்வளவு பேராசைக்காரனாக இருந்தும் அதற்குப் பயம் அதிகம். கரையில் கால் அதிர்ந்தால் போதும், கூட்டமே கலைந்துவிடும். எனவே லூர் எங்கே விழுகிறது, எப்படி விழுகிறது, யார் நிழல் முன்னால் விழுகிறது, இவைதான் மீனைத் தீர்மானிக்கின்றன.

முதலில் வாங்க வேண்டியது மிதக்கும் சிறு கிராங்க்பெய்ட். 3 முதல் 5 செ.மீ. நீளம், குண்டு உடல், முகத்தில் நன்றாக முன்னால் நீட்டிய பிளாஸ்டிக் தகடு. சல்மோ ஹார்னெட் 4 செ.மீ. மிதக்கும் வகை நான் அடிக்கடி கட்டுவது. வேறு பிராண்டிலும் இதே உருவம் கிடைக்கும், அதுவும் சரிதான். மிதக்கும் வகை என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஒரே பெயரில் மூழ்கும் வகையும் பக்கத்திலேயே தொங்கும்.

இது மரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெளிந்த தண்ணீரில் ஒருமுறை குனிந்து பாருங்கள். இழுக்கும்போது மூக்கு கீழே, வால் மேலே என்று சாய்ந்து வரும். கிளையில் முதலில் முட்டுவது தகடு. முட்டிய அதிர்வு தூண்டில் கோலில் தெரியும். அந்த நொடியில் எல்லாரும் செய்வது வெடுக்கென்று இழுப்பது. அப்படிச் செய்தால் கொக்கி கிளையில் ஏறிவிடும். இழுப்பதை நிறுத்துங்கள், நரம்பை (தூண்டில் இழையை) தளர விடுங்கள். லூர் பின்பக்கமாக நகர்ந்து தானே மேலே மிதந்து வரும். கிளைக்கு மேலே வந்ததும் மெதுவாக மறுபடி சுற்றுங்கள், தாண்டிவிடும். முட்டி, நின்று, மேலே எழும் அந்த இடத்தில்தான் சப் வாய் வைப்பதும் அதிகம். எதிலோ மோதித் தடுமாறும் குட்டி மீனை எந்தப் பெரிய மீனும் சும்மா விடாது.

சிற்றாற்றில் இதைவிட நல்ல உபயோகம் ஒன்று இதற்கு உண்டு. கிளைகள் தண்ணீரைத் தொடும் இடத்துக்குக் கீழே வீசவே முடியாது. வீச வேண்டாம். மேல்பக்கம் பத்துப் பதினைந்து அடி தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்து, லூரைத் தண்ணீரில் வையுங்கள். ரீலில் நரம்பைப் பிடித்து வைக்கும் கம்பி வளையத்தைத் திறந்து விடுங்கள். ஓட்டமே அதைக் கிளைக்கு அடியில் கொண்டுபோகும். நீங்கள் நரம்பை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் போதும். வேண்டிய இடம் வந்ததும் வளையத்தை மூடுங்கள். நரம்பு இறுகும், லூர் ஓட்டத்தை எதிர்த்துத் தலையைக் கவிழ்த்து ஆடத் தொடங்கும். சுற்ற வேண்டியதில்லை. அதே இடத்தில் நிறுத்தி ஆட விடுங்கள், கோல் நுனியை இடம் வலம் நகர்த்தினால் லூரும் நகரும். எந்த வீச்சாளரும் எட்டாத இடத்தில் உங்கள் லூர் அரை நிமிடம் நிற்கும். வேறு எந்த வகை லூரிலும் இதை இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது.

கொக்கியை மாற்றாமல் தண்ணீருக்குப் போகாதீர்கள். மும்முனைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, லூருக்கென்றே நேர்க்கண்ணோடு வரும் ஒற்றைக் கொக்கி, 6 அல்லது 8 எண், எதிர்முள் (முனைக்குப் பின்னால் எதிராக நீட்டும் சிறு முள்) இல்லாதது, போடுங்கள். எதிர்முள் இருந்தால் குறட்டால் நசுக்கினால் சரி. 4 செ.மீ. லூருக்கு வாலில் ஒன்று மட்டும் போதும் என்பது என் கட்சி. முனை மேலே பார்க்கட்டும். வயிற்றுக் கொக்கியை எடுத்ததும் சில லூர்கள் சாய்ந்து நீந்தும். கரையோரம் இழுத்துப் பாருங்கள். சாய்ந்தால் வயிற்றிலும் ஒரு ஒற்றைக் கொக்கி போட்டுவிடலாம். ஒற்றைக் கொக்கியில் மீன் தவறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சப்பின் வாய் அகலம், உதடு தோல்போல் கெட்டி, அதில் ஏறிய ஒற்றைக் கொக்கி நன்றாகவே பிடிக்கும். மும்முனைக் கொக்கியில் ஒரு முனை மீனிலும் மற்ற இரண்டு வலையிலும் உங்கள் விரலிலும் ஏறுவதுதான் வழக்கம்.

கொக்கி கொஞ்சம் மெல்லிய கம்பியாக இருப்பது நல்லது. மரத்தில் மாட்டினால் நரம்பை நேராக இழுக்கும்போது அது விரிந்து லூரை விட்டுவிடும். மீன் இழுக்கும்போது கோல் வளைந்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்வதால் கொக்கி தாங்கும். இதற்கு நரம்பும் ஒத்துழைக்க வேண்டும். நீங்கள் கட்டியிருக்கும் 4 பவுண்டு நைலானை மாற்றுங்கள். 10 பவுண்டு பின்னல் நரம்பு, முனையில் இரண்டடி நீளத்துக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் என்ற ஒற்றை இழை நரம்பு. இருபதடி ஆற்றில் யாரும் தூரம் வீசப்போவதில்லை, மெல்லிய நரம்பால் ஒரு லாபமும் இல்லை. கோல் ஆறடி, 2 முதல் 10 கிராம் வரை வீசக்கூடியது. உங்கள் ஒன்பதடிக் கோல் நல்ல கோல்தான், ஆனால் அந்த மரச் சுரங்கத்தில் அதைத் தூக்கி வீச இடம் எங்கே?

இரண்டாவது, மேலே மிதக்கும் பூச்சி லூர். வண்டு அல்லது சிள்வண்டு உருவத்தில் 3, 4 செ.மீ. அளவில் வருகிறது. ஜூன் 16-ல் சீசன் திறந்ததிலிருந்து செப்டம்பர் வரை, வெயில் அடிக்கும் மத்தியானத்தில், மற்ற மீன்கள் தூங்கும் நேரத்தில், சப்புக்கு இதைப்போல் வேறொன்றில்லை. அடியில் எத்தனை மரம் கிடந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை, லூர் மேலேயே இருக்கும். மேலே தொங்கும் கிளைதான் ஆபத்து. அதனால் கோலைத் தலைக்கு மேல் தூக்காமல், இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் சுண்டி விடுங்கள். அதற்கும் இடமில்லாவிட்டால் லூரின் கொக்கி வளைவைக் கவனமாக இரண்டு விரலால் பிடித்து, கோலை வில்லாக வளைத்து, குறிபார்த்து விட்டுவிடுங்கள். ஒற்றைக் கொக்கி போட்டபிறகு மட்டும் இதைச் செய்யுங்கள்.

இது "ப்ளொக்" என்று விழ வேண்டும். கிளையிலிருந்து பூச்சி விழும் சத்தம் அது. சத்தம் கேட்டதும் மீன் திரும்பிப் பார்க்கும், பல நேரம் நேரே வரும். விழுந்ததும் இழுக்காதீர்கள். அலை வட்டம் கரைந்து போகும்வரை ஓட்டத்தோடு மிதக்க விடுங்கள். பிறகு கோல் நுனியால் ஒரு சின்ன உதறல், மறுபடி நிறுத்தம். தண்ணீரின் பளபளப்பைத் தடுக்கும் போலராய்ட் கண்ணாடி போட்டிருந்தால் மீன் அடியிலிருந்து எழுவது தெரியும். சாம்பல் நிற முதுகு, பிறகு அந்த வெள்ளை உதடு திறப்பது. அங்கே கை துடிக்கும், உடனே வெட்டி இழுக்கத் தோன்றும். இழுத்தால் லூர் மீன் வாயிலிருந்து வெளியே வந்து நேரே உங்கள் முகத்துக்குப் பறக்கும். கோலில் கனம் தெரியும்வரை பொறுங்கள்.

இழுக்கும்போது தகடு சுழலும் ஸ்பின்னருக்கு வருவோம். உங்களிடம் மெப்ஸ் அக்லியா 3 எண் நான்கு இருக்கிறது. நல்ல லூர், ஆனால் இந்த ஆற்றுக்குக் கொஞ்சம் பெரியது, கனமும் அதிகம். 1 அல்லது 2 எண் வாங்குங்கள். அகலத் தகடு உள்ள அந்த வகை மெதுவாக இழுத்தாலே சுழலும், தண்ணீரில் உயரமாகவும் வரும், அதனால் அடிமரத்துக்கு மேலேயே ஓட்டலாம். கோல் நுனியை உயர்த்திப் பிடித்து, லூர் தண்ணீரைத் தொடும்போதே சுற்றத் தொடங்குங்கள். நிறுத்தினால் மூழ்கும், மூழ்கினால் போச்சு. எனவே மரமில்லாத நீளமான ஓட்டத்துக்கு மட்டும் இது. ரோடிங் களிமண் நிலத்தில் ஓடுகிற ஆறு, மழை பெய்தால் சீக்கிரம் கலங்கும். கலங்கல் வடிந்து, தண்ணீர் பச்சையும் பழுப்புமாக, முழங்கால் ஆழம் வரை கண்ணுக்குத் தெரியும் நிலைக்கு வரும்போது, செம்பு நிறத் தகட்டோடு ஸ்பின்னரைக் கட்டுங்கள். அந்த அதிர்வை மீன் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே உடலால் உணர்ந்துவிடும்.

சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது ரப்பர்போல் மெத்தென்ற லூர் பற்றி எல்லாரும் அதிகம் பேசுகிறார்கள். கொக்கி முனையை ரப்பருக்குள் மறைத்து வைத்தால் மரத்தில் அவ்வளவாக மாட்டாது என்பது உண்மை. சப்பின் வாயிலும் பல நேரம் மாட்டாது என்பதும் உண்மை. அது வாலை மட்டும் கவ்விப் பார்த்துவிட்டு விடுகிற மீன். கூர்ப்பல் கொண்ட வேட்டை மீனான பைக் மீனைப்போல் முழுசாக விழுங்கும் அவசரம் அதற்குக் கிடையாது. அதனால் வால் ஆடும் ரப்பர் மீன்களை நான் சிற்றாற்றில் குறைவாகவே கட்டுகிறேன். ஒன்றே ஒன்றுக்கு விதிவிலக்கு: 5 செ.மீ. அளவில் பழுப்பு நிற கிரேஃபிஷ் உருவம். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வளர்த்துத் தப்பிய சிக்னல் கிரேஃபிஷ் இங்கே பல ஆறுகளில் கரையைத் துளைத்துக்கொண்டு பெருகிக் கிடக்கிறது, பெரிய சப் மீன்கள் அதைத் தின்றே கொழுக்கின்றன. லேசான ஜிக் தலையில் (எடைத் தலை கொண்ட கொக்கியில்) இந்த உருவத்தைக் குத்தி, கரை குடைந்த பள்ளத்தின் ஓரமாக இறக்கி, அங்குலம் அங்குலமாகத் துள்ள விட்டால் வேறெதற்கும் வாய் திறக்காத கிழட்டு மீன் வரும். குளிர்காலத்தில் மெதுவாக இழுக்க வேண்டிய நேரத்துக்கும் இதுவே. ஆனால் உண்மையான கிரேஃபிஷைப் பிடித்து இரையாகக் குத்திவிடாதீர்கள். உயிரோடானாலும் செத்ததானாலும் துண்டானாலும் இங்கிலாந்தில் அது சட்டவிரோதம்.

ஆக, வாங்க வேண்டியது நாலு வகைதான். முதல் இரண்டில் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நிறம்? தெளிந்த தண்ணீருக்குப் பழுப்பு, வெள்ளி, இலைப்பச்சை. கலங்கலுக்குக் கறுப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள். இதற்கு மேல் நிறத்தில் மூளையைச் செலவழிக்க வேண்டாம், கடைக்காரர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

பின்னாலேயே வந்து திரும்பிவிடும் மீனுக்கு மூன்று காரணம் இருக்கலாம். லூர் பெரியதாக இருக்கலாம். ஒரே சீராக இழுத்திருக்கலாம். அல்லது அது உங்களைப் பார்த்துவிட்டது. உங்கள் ஆற்றில் மூன்றாவதுக்குத்தான் நான் பந்தயம் கட்டுவேன். சப் ஓட்டத்தை எதிர்த்து மேல்பக்கம் பார்த்து நிற்கும். கரையில் கீழிருந்து மேலாக நடந்தால் நீங்கள் அதன் முதுகுப் பக்கம். மேல்நோக்கி வீசி, ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுங்கள். மிதக்க விட்டு ஆட்டும் அந்த முறைக்கு மட்டும் மேல்பக்கம் உட்கார வேண்டும், அதனால்தான் மண்டியிடச் சொன்னேன். புதருக்குப் பின்னால் இருங்கள், தலை வானத்துக்கு எதிராகத் தெரியக் கூடாது. ஒரு மீன் திரும்பிப் போனால் அதே லூரை உடனே மறுபடி காட்டாதீர்கள். பத்து நிமிடம் விட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்றை, முடிந்தால் மேல்மிதக்கும் பூச்சியை அனுப்புங்கள். ஒரே குழியில் முதல் இரண்டு மூன்று வீச்சில் வராத மீன் பெரும்பாலும் வராது. அடுத்த குழிக்கு நடங்கள்.

மீன் மாட்டிய முதல் ஐந்து நொடியில் எல்லாம் முடிவாகிவிடும். சப் நேரே வேருக்குள் பாயும். அந்த ஒரு பாய்ச்சலில்தான் அதற்கு வலு, பிறகு தளர்ந்துவிடும். எனவே ரீலின் டிராக்கை (நரம்பு வெளியே ஓடுவதைத் தடுக்கும் பிடியை) நன்றாக இறுக்கி வையுங்கள், நரம்பை விடாதீர்கள், கோலைப் பக்கவாட்டில் சாய்த்து மரத்துக்கு எதிர்ப்பக்கம் இழுங்கள். இதற்காகவும்தான் அந்த 10 பவுண்டு நரம்பு. வலை கைக்கு எட்டும் இடத்தில் இல்லாமல் முதல் வீச்சைக்கூட வீச வேண்டாம். வேரோரம் இருந்து மீனை எப்படியும் வெளியே கொண்டுவர வழியில்லை என்று பட்டால் அந்த இடத்தில் லூரே போடாதீர்கள். வாயில் கொக்கியோடு வேரில் கட்டுண்டு கிடக்கும் மீன் செத்துப்போகும்.

லூர் மரத்தில் நிஜமாகவே மாட்டிவிட்டால் கோலை வளைத்து இழுக்கக் கூடாது. முதலில் தளர்த்துங்கள். பிறகு மேல்பக்கம் நடந்துபோய் எதிர்த் திசையிலிருந்து மெதுவாக இழுங்கள். அதுவும் சரிவராவிட்டால் நரம்பை இறுக்கி, கையால் வீணைத் தந்திபோல் இழுத்து விட்டுவிடுங்கள். அந்த அதிர்விலேயே பாதி விடுபடும். கடைசி வழியாக நேராக இழுக்கும்போது நரம்பை ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பின்னல் நரம்பு வெறுங்கையை எலும்பு வரை அறுக்கும். தலைக்கு மேல் கிளையில் தொங்கும் லூரை எப்படியாவது எடுத்துவிடுங்கள். அடுத்து அதில் மாட்டுவது ஒரு பறவையாக இருக்கும்.

பைக் மீன் உள்ள பகுதி என்று கிளப்பில் சொன்னால் முனையில் அரை அடி மெல்லிய எஃகுக் கம்பி கட்டாமல் வீசாதீர்கள். சப் குறையும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. பைக் நரம்பை அறுத்துக்கொண்டு லூரோடு போனால் அதன் பாடு திண்டாட்டம்.

குழம்புக் கேள்விக்கு: சப் நிறைய நுண்முள் உள்ள மீன், சதையும் சப்பென்று இருக்கும், நம் நாக்குக்கு ஏறாது. சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. இங்கிலாந்தின் ஆறுகளில் 20 செ.மீ.க்கு மேற்பட்ட சப்பை எடுத்துச் செல்லக் கூடாது. அதற்குச் சின்ன மீன்கள் ஒரு நாளைக்கு 15 வரை என்று விதி இருந்தாலும் ஆற்றுக்கு உரியவரின் அனுமதி வேண்டும், பெரும்பாலான கிளப்புகள் கொடுப்பதில்லை. குழம்புக்குக் கடைத்தெருவில் வஞ்சிரம் வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்த சப்பை ஈரக் கையால் பிடித்து, தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிராகத் தலை இருக்கும்படி தாங்கிப் பிடித்து, தானாக உதறிப் போகும்வரை பொறுத்து விடுங்கள்.

மகன் 13 வயது என்றால் அவனுக்கும் ராட் லைசென்ஸ் (தூண்டில் உரிமம்) வேண்டும். 13 முதல் 16 வரை இலவசம்தான், ஆனாலும் பெயரைப் பதிந்து எடுத்தே ஆக வேண்டும். இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றில் தூண்டில் போடவே கூடாது என்பதையும், கிளப் அட்டையில் லூருக்குத் தனிக் கட்டுப்பாடு ஏதும் போட்டிருக்கிறதா என்பதையும் அவனையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவனுக்கு முதலில் மேல்மிதக்கும் பூச்சியைக் கட்டிக் கொடுங்கள், அடிமரத்தில் மாட்டாமல் நாள் முழுக்க வீசிப் பழகுவான். நீங்கள் வீசும்போது அவன் உங்களுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. இருவருக்கும் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம்.